சூடியதும் எழுதியதும்

இறந்தவரின் பொருளை என்ன செய்வது என்னும் வினாவுக்குத் தமிழகச் சமய வழக்கங்கள் ஒரே விடையைத் தந்ததில்லை. உடலைத் தீக்கும் சாம்பலை நீருக்கும் கொடுத்து, படுக்கையையும் உடையையும் வீட்டைவிட்டு அகற்றி, உயிர் செல்லும் வழியில் பற்று எதுவும் குறுக்கே நில்லாதபடி செய்வது ஒரு நெறி. போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நட்டு, பெயர் பொறித்து, படையலிட்டு, அவனை ஊரைவிட்டுப் போகவிடாமல் வைத்துக்கொள்வது மற்றொரு நெறி. தொல்காப்பியம் கல்லைத் தேர்ந்து காண்பது முதல் வாழ்த்துவது வரை ஆறு நிலைகளாக வகுத்துரைக்கும் இவ்வழக்கத்தின் பழமையை, தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட, தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் உறுதிப்படுத்தின. போர்முனையிலிருந்து வந்த கடிதங்களையும் பதக்கங்களையும் தேடிச் சேர்த்துப் பேணும் பணி இவ்விரு நெறிகளுக்கும் நடுவே நிற்கிறது. நடுகல்லில் இருப்பது வீரனைப் பற்றி ஊர் சொன்ன சொல், கடிதத்தில் இருப்பதோ அவனே சொன்ன சொல் என்பதால், பற்றறுக்கும் நெறி இங்கே எழுப்பும் தடை இன்னும் கூர்மையாகிறது.

அத்தடையை இலேசாகக் கருதலாகாது. இராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவில் செல்லும் வழியிலுள்ள கரிவலம்வந்தநல்லூரில், வரகுணராம பாண்டியர் தொகுத்து வைத்திருந்த ஓலைச்சுவடிகளைத் தேடிச் சென்ற உ.வே. சாமிநாதையருக்கு, பழைய ஏடுகள் நெய்யில் தோய்க்கப்பட்டு வேள்வித்தீயில் இடப்பட்டுவிட்டன என்ற செய்தியே கிடைத்தது. அதைச் செய்தவர்கள் ஏட்டை வெறுத்தவர்கள் அல்லர். எழுத்து காலில் மிதிபடக்கூடாது, குப்பையோடு சேரக்கூடாது என்ற மதிப்பே அவர்களை அவ்வாறு செய்யத் தூண்டியது. இழிவாக எண்ணி எரித்தவரை மறுப்பது எளிது. மதித்து எரித்தவருக்கு மறுமொழி கூற, சமய நெறிக்குள்ளிருந்தே எழும் ஒரு காரணம் தேவைப்படுகிறது.

அக்காரணத்தைத் திருவில்லிபுத்தூர் தருகிறது. ஒருவர் சூடிக் களைந்த மாலை பயன் முடிந்த பொருள் ஆகிவிடுவதால் அதை இறைவனுக்குச் சாத்தக்கூடாது என்பது பொதுவிதி. ஆண்டாள் சூடிக் களைந்த மாலையோ அவள் சூடியதனாலேயே இறைவனுக்கு உகந்ததாயிற்று என்று வைணவ மரபு கொண்டாடுகிறது. இன்றும் அவளுக்குச் சாத்திய மாலை புரட்டாசிப் பிரம்மோற்சவத்தில் திருமலைக்கும், சித்திரைத் திருவிழாவில் கள்ளழகருக்கும் கொண்டுசெல்லப்படுகிறது. இதன் அடியிலுள்ள தத்துவம் சேஷத்துவம் எனப்படும்: ஒரு பொருள் தனக்காக இல்லாமல், தன்னை உடைய மற்றொருவருக்காகவே இருத்தல். உடையவர் சேஷி, உடைமை சேஷம். இராமானுசரின் கோட்பாட்டில் முழுமையான சேஷி இறைவன் ஒருவனே. எனினும் அடியார்க்கு அடிமைப்படுவதும் அவ்வுறவின் விரிவே என்று பின்வந்த ஆசாரியர்கள் வற்புறுத்தினர். போர்வீரனின் கடிதத்துக்கு இக்கருத்தை நீட்டுவது ஆசாரியர்கள் செய்யாத ஒன்றுதான். ஆயினும், மற்றொருவர் தொட்டுப் பயன்படுத்திய பொருள் அந்த உறவினால் மதிப்பிழக்காமல் மதிப்புப் பெறக்கூடும் என்னும் அடிப்படை இரண்டிடத்தும் ஒன்றே.

அதே திருவில்லிபுத்தூர்க் கோவிலில் ஆண்டாளின் கையில் விளங்கும் கிளி இலைகளாலும் மலர்களாலும் நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுகிறது. முந்தைய நாள் கிளியை எவரும் காத்து வைக்கக் கடமைப்பட்டவரல்லர். செய்யும் கைகள் வழிவழியாகத் தொடர்வதால் பொருள் அழிந்தும் உறவு அழிவதில்லை. கடிதம் அத்தகையதன்று: எழுதியவன் மீண்டும் எழுதமாட்டான். எல்லாவற்றையும் காக்க வேண்டும் என்பது பேராசையாகலாம். மறுபடி செய்ய முடியாததைக் காக்க வேண்டும் என்பது கடமை.

கடிதம் உறவின் உடைமை என்றால், சேகரிப்பவர் அதன் உரிமையாளர் ஆகார், காவலரே ஆவார். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் அரசு வழங்கிய வெள்ளிப் போர்ப் பதக்கத்தின் விளிம்பில் வீரனின் பெயரும் எண்ணும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டிருந்தன. அது வெள்ளி விலைக்கு உருக்கப்படும்போது அழிவது அந்த விளிம்பு. பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63ஆம் இலகு காலாட்படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் போரிட்டது. அத்தகைய பிரிவொன்றைச் சேர்ந்த பொருள், எந்த ஊரில் எவர் வீட்டில் இருந்தது என்ற குறிப்பின்றிக் கைமாறினால், அழகிய பழம்பொருளாக எஞ்சுமேயன்றி ஒருவரின் நினைவாக எஞ்சாது. ஆகவே, அமிலமற்ற தாளுறையில் இடுவது, ஒட்டுநாடாவையும் லேமினேஷனையும் தவிர்ப்பது, கரையானும் ஈரமும் அணுகாமல் காப்பது ஆகியவற்றுக்கும் முன்பாகச் செய்யத்தக்கது, கொடுத்தவர் சொன்ன வரலாற்றை உடனே எழுதி வைப்பதாகும். சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பூ.ச. குமாரசுவாமி ராஜா தம் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்கு அளித்த இராஜபாளையத்தில், உடைமையைப் பொதுக் காப்புக்கு ஒப்படைப்பது புதிய எண்ணம் அன்று.

எஞ்சுவது, பிறர்க்கு எழுதியதைப் படிக்கலாமா என்ற வினா. பிரான்சில் போரிட்ட இந்திய வீரர்களின் கடிதங்களை 1914 முதல் தணிக்கை அலுவலர்கள் படித்து, பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து அறிக்கைகளாக்கினர். பெரும்பாலும் வட இந்திய வீரர்களுடையவையான அப்பகுதிகள் இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன, மூலக் கடிதங்களோ பெரும்பாலும் மறைந்துவிட்டன. எழுதத் தெரியாத வீரர் பலர் பிறரிடம் சொல்லி எழுதுவித்தனர்; ஊரிலும் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்டனர். அந்தக் கடிதங்கள் முற்றிலும் தனிமையானவையாக ஒருபோதும் இருந்ததில்லை என்பது உண்மை. ஆனால் எழுதுவித்தவன் தன் சொல் எவர் செவியில் விழும் என்பதை அறிந்திருந்தான், தான் தேர்ந்த செவிகளுக்கே பேசினான். தணிக்கையாளரை அவன் தேர்ந்ததில்லை, பிற்காலச் சேகரிப்பாளரையும் தேர்ந்ததில்லை. எனவே காத்தல் வேறு, வெளியிடல் வேறு. முன்னதற்கு எவருடைய இசைவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை, பின்னதற்கு அவ்வீட்டார் இன்னும் இருக்கும்வரை அவர்களின் இசைவு வேண்டும்.