நோய்முதலும் வினையும்

நோய்க்குறியியல் கேட்பது ஒரே கேள்வி: உடலில் என்ன நடந்தது, எதனால்? ‘எனக்கு ஏன் வந்தது’ என்று நோயாளி கேட்பது வேறு. அதற்கான விடையை ஆய்வகத்தில் எவரும் எதிர்பார்ப்பதில்லை, கோயிலில் தேடுகிறார்கள். பல்லாவரத்தை அடுத்த பொழிச்சலூர் அகத்தீஸ்வரர் கோயில் ‘வட திருநள்ளாறு’ எனப்படும் சனிப் பரிகாரத் தலம். மக்களை வருத்தியதால் சேர்ந்த பாவம் தீரச் சனி பகவானே இங்கு வழிபட்டார் என்பது தலக்கதை. வினைப்பயனை ஊட்டுபவருக்கே பரிகாரம் தேவைப்பட்டது என்பதைப் பரிகாரத்துக்கு வருவோர் அதிகம் யோசிப்பதில்லை.

எம்.பி.பி.எஸ். முடித்து மூன்றாண்டு எம்.டி. படிக்கும் நோய்க்குறியியல் மாணவர், ஃபார்மலினில் இட்ட திசுவை மெழுகில் பதித்து, சில மைக்ரான் கனத்தில் சீவி, சாயமேற்றிப் பார்க்கப் பழகுகிறார். நோயின் இருப்பிடம் உயிரணு என்று ருடால்ஃப் விர்க்கோ 1858இல் நிறுவியதே இப்பயிற்சியின் அடித்தளம். திசுவோடு வரும் படிவத்தில் வயது, பாலினம், அறிகுறிகள் எல்லாம் இருக்கும். நோயாளி நல்லவரா என்ற பத்தி இருக்காது. இது கல்நெஞ்சம் அன்று. நோயைத் தீர்ப்பிலிருந்து பிரித்துவைக்கும் ஒழுக்கம்.

அவ்வொழுக்கம் சோதிக்கப்பட்ட ஆண்டு 1986. பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியாவில் நோய்க்குறியியல் பயின்று 1973இல் திரும்பிய சுனிதி சாலமன், சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்தார். எய்ட்ஸ் ஒழுக்கங்கெட்ட மேலைநாட்டாரின் நோய், இந்தியாவுக்கு வராது என்று பலரும் நம்பிய காலம். அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா ஆய்வேட்டுக்காகப் பாலியல் தொழிலாளர்களிடம் திரட்டிய ரத்தம் வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டது. ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. தொற்று தெரிந்தது, இந்தியாவில் அதுவே முதல்முறை. தொற்றுடையோரில் கடத்தி விற்கப்பட்ட பதின்மூன்று வயதுச் சிறுமியும் இருந்தாள். அவள் செய்த வினை என்ன என்று எவரும் கேட்டிருக்கலாம். விடை எதுவாயினும் அது அவளைக் கடத்தியவனுக்கே சாதகமாகியிருக்கும். சுனிதி 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தைத் தொடங்கி, 2015இல் மறையும்வரை இந்நோயாளிகளுக்காகவே உழைத்தார். 1928இல் சவுரி முத்து காசநோய்க்காகத் தொடங்கிய தாம்பரம் சானடோரியமும் பின்னாளில் எச்.ஐ.வி. நோயாளிகளின் பெரிய புகலிடமாயிற்று.

வினைக்கொள்கையை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது, சரியன்று. தன் துன்பத்தைத் தாங்க ஒருவர் அதைத் தாமாக ஏற்பது ஒன்று, அடுத்தவரின் படுக்கையருகே நின்று அதைச் சொல்வது இன்னொன்று. சைவ மரபே இந்த வேறுபாட்டை அறிந்திருந்தது. கொங்குநாட்டில் அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபோது, ‘முன்வினைப் பயன்’ என்று சம்பந்தர் இருந்துவிடவில்லை. திருநீலகண்டப் பதிகம் பாடினார். வினை இது என்று சொல்லிக்கொண்டு உய்யும் வழி தேடாதிருப்பது குறையல்லவா என்பதே அப்பதிகத்தின் தொடக்க வாதம்.

ஒரே கிருமியை ஏற்ற இருவரில் ஒருவர் மட்டும் நோயுறுவது ஏன் என்பதற்கு மரபணு, ஊட்டம், எதிர்ப்பாற்றல் என்று நோய்க்குறியியல் காரணங்களை அடுக்கும். அக்காரணங்கள் அந்த ஒருவரிடமே வந்து கூடியது ஏன் என்று மேலும் கேட்டால், ‘தற்செயல்’ என்று நிறுத்திக்கொள்ளும். ‘ஊழ்’ என்பவரும் அதே இடத்தில்தான் நிற்கிறார். ஆனால் அவர் அங்கே ஒரு கணக்கு இருப்பதாகக் கருதுகிறார். அதை உறுதிசெய்யவோ மறுக்கவோ நுண்ணோக்கியால் ஆகாது.