பிறப்பும் கூண்டும்

பாடத்திற் பின்தங்கிய மாணவனை நோக்கி, "அது அவன் பிறவிக்குணம்" என்று கூறிவிட்டு அப்பால் நகர்வது எளிது. இன்று அக்கூற்றுக்கு விஞ்ஞானமும் துணைக்கு அழைக்கப்படுகின்றது. ஆகவே, விஞ்ஞானம் உண்மையிற் கூறுவது யாதென நாம் ஆராய்தல் வேண்டும்.

1920களின் இறுதியிற் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில் றொபேட் ட்றையன் என்னும் உளவியலாளர் எலிகளைக் கொண்டு ஒரு நீண்ட ஆய்வைத் தொடங்கினார். வழி குழப்பும் பாதைகளிற் பிழை குறைய ஓடியவற்றை ஒருபுறமும், தடுமாறியவற்றை மறுபுறமும் பிரித்து, அவ்வவ் வகைக்குள்ளேயே இனம்பெருக்கினார். ஏழாந் தலைமுறையளவில் இரு கூட்டங்களும் ஏறக்குறைய முற்றாக வேறுபட்டன. திறமை பரம்பரைச் சொத்தே எனப் பலர் முடிவுகட்டினர்.

ஆனால், 1958இற் கனடாவின் மனிற்றோபாப் பல்கலைக்கழகத்தில் கூப்பர், சூபெக் ஆகிய இருவர், இவ்வாறே கெட்டி, மந்தம் எனப் பிரித்து வளர்க்கப்பட்ட எலி வகைகளை எடுத்து, அவற்றின் கூண்டுகளை மாற்றினர். உணவும் நீரும் தவிர வேறொன்றுமில்லாத கூண்டில் வளர்ந்தபோது கெட்டி எலிகளும் மந்த எலிகளைப் போலவே தடுமாறின. விளையாட்டுப் பொருள்கள் நிறைந்த கூண்டிலோ, மந்த எலிகள் கெட்டி எலிகளை ஏறக்குறைய எட்டிப்பிடித்தன.

இதன் பொருள் பரம்பரை பொய் என்பதன்று. ஒரு கூட்டத்தினுள்ளே காணப்படும் வேறுபாட்டிற் பரம்பரைக்குரிய பங்கு இவ்வளவு என்று கூறும் கணக்கு, குறித்த ஒரு சூழலுக்கே பொருந்தும் என்பதே இதன் பொருள். சூழல் மாறினாற் கணக்கும் மாறும். தனியொருவனின் விதியை அக்கணக்கில் வாசிக்க முடியாது.

1999இற் பிறின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜோ சியென் குழுவினர் சுண்டெலியின் மூளையில் ஒரு பரம்பரையலகை மிகுதியாகத் தொழிற்படச் செய்தனர். அச்சுண்டெலிகள் விரைவிற் கற்றன. நெடுநாள் நினைவிற் கொண்டன. அவ்வியல்பு குட்டிகளுக்கும் சென்றது. இரண்டு ஆண்டுகளின் பின், 2001இல், வேறோர் உண்மை வெளிவந்தது: நீடித்த நோவையும் அவை மற்றவற்றினும் மிகுதியாக உணர்ந்தன. அறிவை மட்டும் தனியே பிடுங்கி நடமுடியவில்லை.

நமது வினாக்களுக்கு விடைகாண அவ்வுயிர்கள் நோவை மிகுதியாக உணரும் இயல்புடன் பிறக்கின்றன. அத்தகைய ஆய்வு எந்த அளவிற்குத் தகும் என்பது தனியே தீர்க்கப்படவேண்டிய கேள்வி. எனினும், அவ்வளவு விலைகொடுத்துப் பெற்ற விடையைத் திரித்து, வறிய பிள்ளைகளுக்கு எதிரான தீர்ப்பாக்குவது இரட்டை அநீதியாகும். நூலகமில்லாப் பாடசாலையையும் பசித்த வயிற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு பிள்ளையின் பிறப்பைக் குற்றஞ்சாட்டும் உரிமை நமக்கு இல்லை. முதலிற் கூண்டை மாற்றுவோம்.