காண்டலும் தீங்காமோ?

உயிர்கட்கு ஊறு செய்தலாகாதென்பது அறவோர் யாவரும் உடன்பட்ட உண்மை. கொல்லுதலும் வருத்துதலும் தீவினையாம் என்பதனைச் சிறுவரும் அறிவர். ஆயின், ஓருயிரைத் தொடாது, பற்றாது, சேய்மையில் நின்று கண்ணாற் காண்பதும் அவ்வுயிர்க்குத் தீங்காதல் கூடுமோ? கூடுமாயின், காண்பான் மேற்கொள்ளற்பாலதாய ஒழுக்கம் யாது? மலைகட்கும் காடுகட்கும் காட்சியின் பொருட்டு மக்கள் திரளாகச் செல்லும் இக்காலத்தில் இவ்வினா இன்றியமையாததொன்று. மின்மினிகளின் காட்சியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்தல் தகும்.

சேலத்தினின்று சேர்வராயன் மலையேறி ஏற்காட்டின் ஒண்டிக்கடைக்கு வந்து சேர்வோர் பலர், மாலை மயங்கியபின் லேடீஸ் சீட் எனப்படும் மலைமுனையில் நின்று, கீழே சேலம் மாநகரின் விளக்குகளை நோக்கி மகிழ்வர். எத்துணைப் பேர் நோக்கினும், எத்துணை ஆரவாரஞ் செய்யினும், அவ்விளக்குகட்கு வருவதோர் குறைவில்லை. என்னை? அவை உயிரில் பொருள்களாகலின். இப்பழக்கத்தோடே ஒருவன் உயிருள்ள ஒளியையுங் காணச் செல்வானாயின், அங்கே பிழை தொடங்குகின்றது.

அத்தகைய உயிரொளி தமிழகத்திலேயே உண்டு. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், பொள்ளாச்சியை அடுத்த ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் உலாந்திச் சரகத்தில், கோடிக்கணக்கான மின்மினிகள் ஒருங்கே ஒளிர்ந்து ஒருங்கே அவிதலை வனத்துறையினர் கண்டு பதிவு செய்தனர். ஒரு மரத்தில் எழுந்த ஒளி அடுத்த மரத்திற்கும், அதனின்று அதற்கடுத்ததற்கும் தொடர்ந்து பரவியது.

இக்காட்சி உலகிற்குப் புதியதன்று. 1690-இல் சீயம் நாட்டிற்குச் சென்ற கெம்ப்பெர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் ஆற்றங்கரை மரங்களில் இதனைக் கண்டு எழுதினார். எனினும், இங்ஙனம் ஒருங்கே ஒளிர்தல் இயலாதென்று ஐயுற்றோரும் பலர். 1917-இல் அமெரிக்கர் ஒருவர், தாம் முன்பு கண்டது தம் கண்ணிமை துடித்ததனால் விளைந்த மயக்கமேயென எழுதினார். பின்னர் 1935-இல், சீயத்திற் பல்லாண்டு தங்கிய ஹ்யூ ஸ்மித் என்பார் தாம் கண்டதை விரித்தெழுதி அவ்வையத்தை எதிர்த்தார். மயக்கம் மின்மினியிடத்தன்று, காண்பாரிடத்தே என்பதனை இவ்வரலாறு நன்கு காட்டுகின்றது.

மின்மினியின் வயிற்றின் கடைப்பகுதியில் லூசிபெரின் என்னும் பொருள் உயிர்வளியோடு கூடுங்கால் ஒளி பிறக்கும். வெப்பமோ மிகச் சிறிது. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு தாளமுடையதாய், அண்டை மின்மினியின் ஒளியைக் கண்டு தன் தாளத்தைத் திருத்திக்கொள்ளும். ஏவுவாரும் இல்லை, ஏவப்படுவாரும் இல்லை. அவ்வொளி நம் கண்களுக்கு விருந்தாதற்பொருட்டுத் தோன்றியதன்று. ஆண் தன் துணையை அழைக்கும் மொழி அது. பல இனங்களிற் பெண் தாழ்ந்த புல்லிலும் புதரிலும் அமர்ந்து ஒளியாலேயே விடை கூறும். ஈரமண்ணிற் புழுவாய், நத்தையையும் மண்புழுவையும் உண்டு, பன்மாதங்களும் சிலவினங்களில் ஈராண்டளவும் வாழ்ந்த பின்னர், சிறகு பெற்று ஒளிர்ந்து திரியும் காலம் சில வாரங்களே. அச்சில வாரத்தில் விடை கிடையாதொழியின் அவ்வுயிரின் வழித்தோன்றல் இல்லை.

இனி, இக்காட்சியைத் தன் மகவிற்குக் காட்டவேண்டுமென்னும் விழைவோடு தந்தையொருவன் கானகத்திற்குச் சென்றானென்று கொள்க. இருளில் மகவு அஞ்ச, அவன் கைப்பேசியின் விளக்கை ஒருகணம் உயர்த்துகின்றான். அவன் கொடியனல்லன், அன்புடையவனே. ஆயினும் அவ்வொளி பட்ட இடத்தில் மின்மினிகளின் உரையாடல் அறுபடும். பாதையை விட்டு அவன் இரண்டடி விலகி நின்றால், புல்லில் அமர்ந்த பெண்பூச்சி மிதிபடும். அவனைக் கண்டு பின்னின்ற நூற்றுவரும் அங்ஙனமே செய்வர். ஒவ்வொருவரும் தம் விளக்கு ஒன்றேயென எண்ணுவர். மகாராட்டிரத்தின் பண்டார்தராப் பகுதியில் பருவமழைக்கு முற்பட்ட வாரங்களில் மின்மினி காண வரும் வண்டிகளின் நெருக்கம் இத்தகைய இடரை விளைத்தது. பகைப்பாரினும் விரும்புவாரால் வருந்தீங்கு அறிதற்கரிது; விரும்புவான் தன்னைக் குற்றமுடையவனாக எண்ணானாகலின்.

வாழிடத்தின் அழிவு, செயற்கையொளி, பூச்சிக்கொல்லி மருந்து ஆகிய மூன்றுமே மின்மினிகட்கு நேரும் பெருங்கேடுகளென 2020-இல் வெளிவந்த அறிவியலாய்வொன்று கூறிற்று. இவற்றுள் முதலதையும் ஈற்றதையும் பிறர் செய்வனவென ஒருவன் தள்ளிவிடலாம். இடையதோ அவன் கையிலேயே உளது.

உயிர் சார்ந்ததன் வண்ணமாந் தன்மையது என்பது சித்தாந்தத் துணிபு. அவ்வுண்மைக்கு ஆன்றோர் கண்ணையே உவமை காட்டுவர். இருளிற் புக்க கண் உடனே எதனையுங் காணாது. ஏறக்குறைய அரைமணி நேரம் பொறுத்திருப்பின், சிறிது சிறிதாக அவ்விருளுக்கிசைந்து நுண்ணொளியையும் காணும். இடையிலே ஒரு விளக்குத் தோன்றுமாயின் அப்பேறு முழுதும் அழிந்து, மீண்டுந் தொடங்கல் வேண்டும். தன் விளக்கை உடன்கொண்டு செல்வான் தான் சென்ற இடத்தைத் தன் வண்ணமாக்க முயல்கின்றான். விளக்கை அவித்துப் பொறுத்து நிற்பானோ அவ்விடத்தின் வண்ணமாகின்றான். முன்னவன் மின்மினிக்குத் தீங்கு செய்ததோடமையாது, தான் காண வந்ததனையுங் காணாது மீள்வான். ஆகலின் காண்டல் தானே தீங்கன்று. தன்னை அடக்காத காண்டலே தீங்கென்பது பெறப்படும்.

அற்றேல், எவருஞ் செல்லாதொழிதலே சிறந்த அறமன்றோவெனின், அதுவும் முற்றும் பொருந்தாது. காணாத பொருளைக் காக்க எழுவார் சிலரே. மலேசியாவிற் கோலசிலாங்கூரை அடுத்த கம்போங் குவாந்தானில், ஆற்றோர மரங்களில் ஒருங்கொளிரும் மின்மினிகளைக் காண்போர் துடுப்புப் படகில் அமைதியாகச் செல்வர். அதனால் ஊரார்க்குப் பிழைப்பும் உண்டு. அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைப் பூங்காவிலோ, மின்மினி மிகும் நாட்களில் வண்டி நுழைவுச் சீட்டைக் குலுக்கல் முறையால் வழங்குகின்றனர். சீட்டுப் பெறாதார் மிகப் பலர். அவர் அதனை இழப்பென எண்ணுதல் வேண்டா. காட்டின் அளவிற்குத் தம் வேட்கையை ஒடுக்கினமையால், காணாமலேயே அவரும் அக்காட்சியைக் காத்தவராவர். ஆனைமலைக் காப்பகத்தில் வனத்துறையின் இசைவின்றி இரவில் நுழையலாகாதென்னும் விதியையும் இவ்வாறே கொள்க.

காணச் செல்வார் கைக்கொள்ளற்பாலன சிலவே. இருட்டுமுன்னரே இடஞ்சேர்தல்; வண்டி விளக்கை அவித்தல்; நடக்குங்கால் விளக்கு வேண்டின் அதன்மேற் செந்நிறத்தாளைச் சுற்றி நிலத்தை நோக்கிப் பிடித்து, நின்றவுடன் அணைத்தல்; பாதையைவிட்டு விலகாமை; நிழற்படத்தின் பொருட்டு ஒளி பாய்ச்சாமை; பிடித்துப் புட்டியில் அடையாமை; உரத்துப் பேசாமை.

இவ்வொழுக்கம் பயில்வதற்கு ஆனைமலைவரை செல்ல வேண்டுவதில்லை. சேர்வராயன் மலையின் காப்பித்தோட்ட நிழலிலோ, சமவெளியில் ஓர் வேலியோரத்திலோ மழைக்காலத்து இரவில் ஒற்றை மின்மினி தோன்றினும், வீட்டின் புறவிளக்கை அணைத்துவிட்டுச் சிறிதுபோழ்து வாளாநின்று நோக்குக. இருளில் அஞ்சும் மகவிற்கு விளக்கை உயர்த்திக் காட்டுவதினும், அதன் கையைப் பற்றிக்கொண்டு உடன் பொறுத்திருத்தலே தந்தையின் கடன். சிறிதுபோழ்தில் அச்சம் நீங்கும், கண் இருளுக்கிசையும், புல்லிடையே விடை கூறும் அச்சிற்றுயிரின் ஒளியும் புலனாகும்.