பண்பாட்டு அடையாளமும் தப்பெண்ணமும்: ஒரு மினாராத் தடை எழுப்பும் வினாக்கள்

2009ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 29ஆந் திகதி சுவிற்சர்லாந்து மக்கள் தமது அரசியலமைப்பில் ஒரு சிறு வாக்கியத்தைச் சேர்ப்பதா இல்லையா என்பது குறித்து வாக்களித்தனர். மினாராக்கள் கட்டுதல் தடைசெய்யப்படுகின்றது என்பதே அவ்வாக்கியம். வாக்களித்தோருள் 57.5 வீதத்தினர் அதனை ஏற்றனர். அரசியலமைப்பின் 72ஆம் உறுப்புரையில் அது இன்றும் உள்ளது. மத்திய அரசாங்கமும் பாராளுமன்றமும் இம்முன்மொழிவை நிராகரிக்குமாறு மக்களைக் கேட்டிருந்தன. கத்தோலிக்க ஆயர்களும் தடையை விரும்பவில்லை. கருத்துக் கணிப்புகள் அது தோற்கும் என்றே கூறியிருந்தன. மக்களோ வேறு விதமாக முடிவு செய்தனர்.

அவ்வேளை அந்நாடு முழுவதிலும் இருந்த மினாராக்கள் நான்கு மாத்திரமே. சூரிச் நகரின் மினாரா 1963ஆம் ஆண்டிலும் ஜெனீவாவினுடையது 1978ஆம் ஆண்டிலும் எழுந்தவை. ஏனைய இரண்டும் வின்ரர்தூர் நகரிலும் வாங்கன் என்னும் சிற்றூரிலும் அண்மையில் அமைந்தவை. இவற்றுள் எதிலிருந்தும் தொழுகைக்கான அழைப்பு ஒலித்ததில்லை. நான்கு கோபுரங்களைக் கண்டு ஒரு நாடு தன் அடிப்படைச் சட்டத்தைத் திருத்திக்கொண்டது எனின், அதனை வெறும் கட்டட விதி எனக் கருதிக் கடந்து செல்லல் இயலாது. நவீன சமுதாயங்களில் பண்பாட்டு அடையாளம், உலகமயமாதல், தப்பெண்ணம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் விதத்தினை இந்நிகழ்ச்சி போலத் தெளிவாகக் காட்டுவன சிலவே.

ஒரு சமூகம் தன் பண்பாட்டைப் பேணும் உரிமை உடையதா? உடையது என்பதில் ஐயமில்லை. அவ்வுரிமையின் எல்லை யாது என்பதே வினா. பண்பாட்டைப் பேணுதல் என்னும் தொடரினுள் இருவேறு கோரிக்கைகள் மறைந்துள்ளன. தன் மொழியைப் பேசவும், தன் தெய்வத்தை வழிபடவும், தன் வழக்கங்களைத் தன் பிள்ளைகளுக்குக் கையளிக்கவும் இடம் வேண்டும் என்பது ஒன்று. பிறருடைய அடையாளம் தன் கண்ணிற் படாதிருத்தல் வேண்டும் என்பது மற்றையது. முன்னையது செய்வதற்கான உரிமை. பின்னையது காணாதிருப்பதற்கான உரிமை. இரண்டும் ஒரே பெயரால் வழங்கப்படுவதனாலேயே குழப்பம் விளைகின்றது. மினாராவினால் சுவிற்சர்லாந்தின் எந்தத் தேவாலய மணியும் ஓய்ந்துவிடவில்லை. அந்நாட்டு மொழிகளுள் எதுவும் ஒரு சொல்லைத்தானும் இழக்கவில்லை. அங்கு கோரப்பட்டது இரண்டாவது உரிமையே. அத்தகைய உரிமை ஒன்று உண்டென ஏற்றுக்கொண்டால், எண்ணிக்கையிற் சிறியவர் எவரும் எந்த நாட்டிலும் தலைநிமிர்ந்து வாழ வழியிராது.

இவ்விவகாரம் தொடங்கிய இடம் ஓல்ரன் நகருக்கு அயலிலுள்ள வாங்கன் ஆகும். அங்குள்ள துருக்கியர் பண்பாட்டுச் சங்கம் ஒன்று தன் கட்டடத்தின் கூரைமீது ஏறத்தாழ ஆறு மீற்றர் உயரமான ஒரு மினாராவை அமைக்க 2005ஆம் ஆண்டில் அனுமதி கேட்டது. அயலவர் எதிர்த்தனர், ஊராட்சி மறுத்தது, வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2007இல் தீர்ப்புச் சங்கத்துக்குச் சாதகமாயிற்று. 2009இல் மினாரா எழுந்தது. நீதிமன்றத்தில் தோற்ற எதிர்ப்பு பின்னர் வாக்குப்பெட்டியை நாடியது. ஓர் இலட்சம் கையொப்பங்களைத் திரட்டினால் அரசியலமைப்பைத் திருத்துமாறு மக்களே முன்மொழியலாம் என்பது அந்நாட்டு விதி. பிரசாரச் சுவரொட்டியில், சுவிஸ் கொடியைத் துளைத்துக்கொண்டு மினாராக்கள் ஏவுகணைகள் போல நின்றன. அவற்றின் அருகே கரிய திரையால் முகம் மூடிய ஒரு பெண். அந்நாட்டு முஸ்லிம்கள் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர். பெரும்பாலோர் பொஸ்னியா, கொசோவோ, மசிடோனியா, துருக்கி ஆகிய இடங்களிலிருந்து தொழில் தேடியோ போருக்கு அஞ்சியோ வந்தவர்கள். அவர்களுள் முகத்திரை அணிவோர் மிக அருகலாகவே காணப்பட்டனர். சுவரொட்டி வரைந்த முஸ்லிமுக்கும் தொழிற்சாலையிற் பக்கத்தில் நின்று வேலை செய்த முஸ்லிமுக்கும் இடையில் யாதொரு ஒற்றுமையும் இருக்கவில்லை.

வாக்குகள் பகிர்ந்த விதம் இன்னும் கூர்ந்து நோக்கற்பாலது. தடையை மிக வலுவாக ஆதரித்தது அப்பன்செல் உள்மாநிலம். அங்கு 71 வீதத்துக்கு மேற்பட்டோர் ஆம் என்றனர். அது மலைசார்ந்த சிறு மாநிலம். முஸ்லிம்கள் மிகச் சிலரே அங்கு வாழ்கின்றனர். பல நாட்டினரும் கலந்து வாழும் ஜெனீவாவிலோ ஏறத்தாழ 60 வீதத்தினர் எதிர்த்தனர். பாசல் நகர மாநிலமும், சூரிச், பேர்ண் ஆகிய நகரங்களும் தடையை ஏற்கவில்லை. அரை நூற்றாண்டுக்கு அண்மித்த காலம் மினாராவைப் பார்த்துப் பழகிய சூரிச் நகரத்தார்க்கு அது அச்சந் தருவதாயில்லை. அதனைப் புகைப்படத்தில் மட்டும் கண்ட மலைநாட்டார்க்கு அது அச்சந் தந்தது. மொழியும் கட்சியும் கல்வியும் இதிற் பங்குகொண்டன என்பதை மறுத்தல் தகாது. ஆயினும் அனுபவமே வெறுப்பைத் தந்தது என்னும் வாதம் இவ்வெண்களின் முன் நிற்பதில்லை. யூத வெறுப்புப் பற்றி 1946இல் நூலெழுதிய சார்த்தர் இதனை முன்னரே கண்டிருந்தார். வெறுப்பவன் யூதனோடு பழகிய அனுபவத்தினின்று தன் வெறுப்பைப் பெறுவதில்லை, தன் வெறுப்பைக் கொண்டே அவ்வனுபவத்துக்குப் பொருள் கற்பித்துக்கொள்கிறான் என்பது அவர் கருத்தின் சாரம்.

யூதரைப் பற்றிய பேச்சு இவ்விடத்துத் தற்செயலானதன்று. மக்கள் முன்மொழிவு என்னும் இவ்வேற்பாடு 1891இல் அந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதன்வழி முதன்முதலாக வாக்கெடுப்புக்கு வந்த விடயம் யாதெனின், மயக்கமுறச் செய்யாது விலங்குகளை அறுத்தலைத் தடைசெய்வது. யூதர் தம் சமய விதிப்படி இறைச்சி பெறும் முறை அதுவே. 1893 ஓகஸ்ட் 20ஆந் திகதி மக்கள் அத்தடையை ஏற்றனர். விலங்குகள்மீது உண்மையான இரக்கங் கொண்டோரும் அதனை ஆதரித்தோருள் இருந்தனர். எனினும் யூதர் நாட்டில் எங்கும் குடியிருக்கலாம் என்ற உரிமை கிடைத்து முப்பது ஆண்டுகளும் நிரம்பாத காலம் அது என்பதை மறத்தலாகாது. அத்தடை வேறு சட்டத்துக்கு மாற்றப்பட்டு இன்றும் நிலவுகின்றது.

1970இல் இத்தாலியர் முறை வந்தது. போருக்குப் பிந்திய பொருளாதார வளர்ச்சிக்குச் சுரங்கப் பாதைகளும் அணைகளும் வீடுகளும் கட்டக் கைகள் தேவைப்பட்டன. இத்தாலியத் தொழிலாளர் பருவகால அனுமதியில் வரவழைக்கப்பட்டனர். குடும்பத்தை உடன் அழைத்துவர அவர்க்கு அனுமதியில்லை. களவாக அழைத்துவரப்பட்ட பிள்ளைகள் அயலார் அறியாதபடி அறைக்குள்ளேயே ஒளித்து வளர்க்கப்பட்டனர். அலுமாரிப் பிள்ளைகள் என்று அவர்களைக் குறிக்கும் வழக்கு அங்கு உண்டு. உழைப்பு வேண்டும், உழைப்பவன் வேண்டாம் என்பதே அந்த ஏற்பாட்டின் தத்துவம். வேற்றார் மிகுந்து நாடு தன் இயல்பை இழக்கின்றது என்ற முழக்கத்தோடு, ஜெனீவா நீங்கலாக ஒவ்வொரு மாநிலத்திலும் வெளிநாட்டவர் 10 வீதத்துக்கு மேற்படலாகாது என ஷ்வார்சன்பாக் என்னும் அரசியல்வாதி கொணர்ந்த முன்மொழிவு 1970 ஜூன் 7ஆந் திகதி தோற்றது. ஆயினும் 46 வீதத்தினர் அதனை ஆதரித்தனர். வாக்களித்தோர் ஆண்கள் மாத்திரமே. மத்திய மட்டத்தில் பெண்கள் வாக்குரிமை பெற்றது 1971இலாகும். அன்று சுவிஸ் இயல்புக்குப் பகையெனப்பட்ட இத்தாலியரின் உணவு இன்று சுவிஸ் வீடுகளில் அன்றாட உணவு.

அச்சத்துக்குரியோன் யூதனாகவும் பின்னர் இத்தாலியனாகவும் அதன் பின்னர் முஸ்லிமாகவும் மாறுகிறான், அச்சமோ மாறுவதில்லை. ஆகவே அச்சத்தின் வேரை அஞ்சப்படுவோனிடத்துத் தேடுவதிற் பயனில்லை. அஞ்சுவோரின் வாழ்நிலையிலேயே அதனைத் தேடல் வேண்டும். உலகமயமாதல் இங்குதான் தன் முகத்தைக் காட்டுகின்றது. 2008 ஒக்ரோபரில் நாட்டின் மிகப் பெரிய வங்கியாகிய யூபிஎஸ், அமெரிக்க வீட்டுக்கடன் சந்தையில் அகப்பட்டு, அரசின் பணத்தினாற் காப்பாற்றப்பட வேண்டியதாயிற்று. தேசியப் பெருமையாகக் கருதப்பட்ட வங்கி இரகசியம் வெளிநாட்டு அழுத்தத்தால் ஆட்டங்கண்டது. லிபியத் தலைவரின் மகன் ஜெனீவாவிற் கைதானதற்குப் பதிலாகச் சுவிஸ் வர்த்தகர் இருவர் லிபியாவில் தடுத்துவைக்கப்பட்டனர். தன் விதியைத் தானே தீர்மானிக்கும் நாடு என்ற தன்னம்பிக்கை இவ்வாறு பல முனைகளில் அடிபட்ட காலத்திலேயே வாக்கெடுப்பு நிகழ்ந்தது. மூலதனத்துக்கு எதிராக வாக்களிக்க அதற்கொரு கோபுரமில்லை. மினாராவுக்கு உண்டு. அதே காலத்தில், ஜெனீவா ஏரிக்கரை விடுதிகளிற் செலவழிக்க வந்த வளைகுடாச் செல்வந்தரின் சமயம் எவர்க்கும் இடராகத் தோன்றவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. தப்பெண்ணம் பணப்பையையும் பார்த்தே பேசும் போலும்.

தொப்ளரோன் என்னும் சொக்லேற்றின் கதை இதற்கு ஒரு சிறு விளக்கம். முக்கோண வடிவும் மற்றர்ஹோர்ன் மலையின் படமுங் கொண்டு சுவிஸ் அடையாளமாகவே உலகெங்கும் அறியப்பட்ட இப்பண்டம் உண்மையில் ஓர் அமெரிக்கக் கம்பனிக்குச் சொந்தமானது. 2018இல் அதற்கு ஹலால் சான்றிதழ் பெறப்பட்டது தெரியவந்ததும், ஐரோப்பாவை இஸ்லாம் விழுங்குவதாகக் கூக்குரல் எழுந்தது. செய்முறையில் ஓர் அணுவும் மாறியிருக்கவில்லை. சில ஆண்டுகளின் பின் அக்கம்பனி உற்பத்தியின் ஒரு பகுதியைச் சிலோவாக்கியாவுக்கு நகர்த்தியது. அதனால் சுவிஸ் சின்னங்களைப் பயன்படுத்துவது பற்றிய அந்நாட்டுச் சட்டத்துக்கு அமைய, 2023இல் மற்றர்ஹோர்ன் உறையிலிருந்து அகற்றப்பட்டது. மலையை அகற்றியது இலாபக் கணக்கு. ஹலால் சான்றிதழ் அன்று.

தடையை ஆதரித்தோர் எல்லோரும் வெறுப்பாளர் எனத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. பெண்ணுரிமையில் அக்கறை கொண்டோர் சிலரும் அவர்களோடு நின்றனர். ஆனால் பெண்ணின் நிலை கோபுரத்தின் உயரத்தில் தங்கியிருப்பதன்று. கல்வி, தொழில், குடும்பச் சட்டம் என்பன பற்றியே அவர்கள் வாதிட்டிருத்தல் வேண்டும். சவூதி அரேபியாவில் தேவாலயம் கட்ட இடமளிக்கப்படாதபோது இங்கு மினாராவுக்கு ஏன் இடமளிக்க வேண்டும் என்ற வாதமும் எழுந்தது. பொஸ்னியாவிலிருந்து வந்த ஒரு தொழிலாளி சவூதி மன்னரின் செயலுக்கு எவ்வாறு பொறுப்பாவான்? ஒருவனைத் தனி மனிதனாகக் காணாது, தொலைவிலுள்ள ஒரு கூட்டத்தின் பிரதிநிதியாகவே காணும் இம்முறைதான் தப்பெண்ணத்தின் இலக்கணம். பெரும்பான்மையின் தீர்ப்பே சனநாயகம் என்பது மூன்றாவது வாதம். ஜோன் ஸ்ருவேட் மில் 1859இல் எழுதிய சுதந்திரம் பற்றிய நூலில் இதற்கு விடை உண்டு. முஸ்லிம்கள் பெரும்பான்மையாகவுள்ள ஒரு நாட்டில் பன்றியிறைச்சி உண்பது எல்லோர்க்கும் தடைசெய்யப்படின் அதனை எவ்வாறு கண்டிப்பது என்று அவர் வினவுகிறார். அவ்வருவருப்பு உண்மையானது, சமயத்தில் ஊன்றியது. ஆயினும் தனிமனிதரின் சொந்த விருப்புகளிற் பொதுமக்களுக்கு வேலையில்லை என்ற ஒரே அடிப்படையிலேயே அதனைக் கண்டிக்க முடியும் என்கிறார். அவ்வடிப்படையைத் தனக்கு மட்டும் வேண்டுவோன் அதனைப் பிறர்க்கு மறுத்தல் முறையாகாது.

இவ்விவகாரம் ஈழத்துத் தமிழர்க்கு அயலானதன்று. 1980களில் சுவிற்சர்லாந்தில் அகதிகளாய் இறங்கியோர் அன்றைய பத்திரிகைகளில் கறுப்புத் தோற்சட்டை அணிந்து பேர்ண் புகையிரத நிலையத்திற் போதைப்பொருள் விற்போராகவே சித்திரிக்கப்பட்டனர். உணவகச் சமையலறைகளில் நள்ளிரவு வரை கோப்பை கழுவிய பல்லாயிரவர் அப்படத்தில் இடம்பெறவில்லை. இன்று ஏறத்தாழ 50,000 தமிழர் அங்கு வாழ்கின்றனர். உழைப்பாளிகள், அமைதியானவர்கள் என்ற நற்பெயரும் பெற்றுள்ளனர். வாங்கனைப் போலவே ஓல்ரனுக்கு அயலிலுள்ள இன்னோர் ஊராகிய திரிம்பாக்கில் அவர்கள் மரபுவழி அமைப்பில் எழுப்பிய அம்மன் ஆலயம் 2013இல், அதாவது தடை வந்து நான்கு ஆண்டுகளின் பின், திறக்கப்பட்டது. 72ஆம் உறுப்புரை மினாராவைக் குறிக்கின்றதேயன்றிக் கோபுரத்தைக் குறிக்கவில்லை. இவ்வேறுபாட்டுக்குத் தத்துவ நியாயம் எதுவுமில்லை. தமிழன் இப்போது அச்சத்துக்குரியோன் அல்லன் என்பதே நியாயம். அச்சம் எவ்வாறு இடம்பெயரும் என்பதை 1893ஆம், 1970ஆம் ஆண்டுகள் காட்டியுள்ளன.

கோபுரத்துக்கு இடம் பெற்ற அதே சமூகம் தாயகத்தில் எவ்வாறு நடந்துகொண்டது என்பதும் கேட்கப்பட வேண்டியதே. 2018 ஏப்ரலில் திருகோணமலையின் இந்து மகளிர் பாடசாலை ஒன்றில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து கற்பிப்பதை எதிர்த்து வாயிலில் ஆர்ப்பாட்டம் நடந்தது. சேலையே பாடசாலையின் பண்பாடு என்று கூறப்பட்டது. ஆசிரியைகள் இடமாற்றம் பெற்றனர். திருகோணமலைத் தமிழர் தம் இருப்புக் குறித்துக் கொண்டுள்ள அச்சம் கற்பனையன்று. குடியேற்றத் திட்டங்கள் அம்மாவட்டத்தின் குடிசனப் பரம்பலையே மாற்றியமைத்தன. ஆயினும் அத்திட்டங்களை வகுத்தவர்கள் அவ்வாசிரியைகள் அல்லர். அவர்களின் உடையினால் எந்த மாணவியும் தேவாரம் பாட மறந்ததாகவும் எவரும் கூறவில்லை. காணாதிருப்பதற்கான உரிமையே இங்கும் பண்பாட்டின் பெயராற் கோரப்பட்டது; இம்முறை அதனைக் கோரியவர்கள், அதே உரிமையைப் பெரும்பான்மையினர் தமக்கெதிராகக் கோரியபோது பல தசாப்தங்கள் துன்புற்றவர்கள். மனித உரிமைகள் ஆணைக்குழு ஆசிரியைகளின் உரிமை மீறப்பட்டதாகக் கண்டது. 2022 பெப்ரவரியில் அவர்களுள் ஒருவர் மீண்டும் கடமையேற்கச் சென்றபோது, எதிர்ப்பும் மீண்டும் எழுந்தது.