கைத்தொலைபேசிக் கொடையும் சிவபுண்ணியமும்

கொடுப்பவரின் உளநிலையைக் கொண்டு கொடையை மதிப்பிடும் சைவசித்தாந்தம், நல்வினையைப் பசுபுண்ணியம், சிவபுண்ணியம் என இருவகைப்படுத்துகிறது. ‘யான் செய்தேன்’ என்னும் முனைப்போடு பயன் கருதிச் செய்யப்படுவது பசுபுண்ணியம். அது நற்பயனைத் தருவதோடு, அப்பயனை நுகர்வதற்கான பிறவியையும் உடன் தரும். செயலும் பொருளும் இறைவனுடையவை என்ற தெளிவோடு செய்யப்படுவது சிவபுண்ணியம். யாழ்ப்பாணத்தில் இன்று கைத்தொலைபேசி வழியாகத் திரட்டப்படும் அறக்கொடை இவ்விரண்டில் எதன்பாற்படும் என்பது ஆராயத்தக்கது.

உலையில் இடும் அரிசியில் நாள்தோறும் ஒரு பிடியை எடுத்துவைத்து அறப்பணிக்கு அளிக்கும் பிடியரிசி வழக்கம் தமிழர் நன்கறிந்தது. ஒரு பிடி என்பதால் வறிய வீடும் அதில் பங்குகொள்ள முடிந்தது. ஒரே சாக்கில் கலந்தபின் எந்தப் பிடி எவருடையது என்று பிரித்தறிய இயலாததால், கொடுத்தவரின் முனைப்புக்கு அங்கே இடமிருக்கவில்லை. 1876-77ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் நடத்திய கஞ்சித்தொட்டித் தருமமும் ஊரார் உதவியால் இயன்றதே. இத்தகைய சிறுகொடைகளைக் கைத்தொலைபேசியும் திரட்டவல்லது. 2010இல் எய்ட்டி நிலநடுக்கத்தின்போது அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம், ஆளுக்குப் பத்து டொலர் வீதம் குறுஞ்செய்தி மூலமாகவே மூன்று கோடி டொலருக்கு மேல் திரட்டியது. 2012இல் இலங்கையில் அறிமுகமான ஈசி காஷ் போன்ற கைத்தொலைபேசிப் பணச் சேவைகளும் சிறுதொகையை எளிதில் அனுப்ப வழிசெய்கின்றன. இவ்வகையில் கைத்தொலைபேசி பிடியரிசியின் இயல்பை உடையது.

ஆயினும், 1983க்குப் பின் பெருந்தொகையாகப் புலம்பெயர்ந்தோருக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் இடையே வைபர், வாட்ஸ்அப் குழுக்கள் வழியாக வளர்ந்துள்ள கொடைமுறையில் வேறோர் இயல்பும் காணப்படுகிறது. பிள்ளையின் பிறந்தநாளுக்கோ பெற்றோரின் திவசத்துக்கோ சிறுவர் இல்லமொன்றில் மதிய உணவு வழங்குவதும், உலர் உணவுப் பொதி கொடுப்பதும் நல்லறங்களே. ஆனால் கொடுத்தவரின் பெயர் பொறித்த பதாகையின் முன் பொதியோடு நிறுத்தப்பட்டவரின் படம் குழுவெங்கும் பரவும்போது, கொடுத்தவரின் ‘யான்’ வலுப்பெறுகிறது. பெற்றவரின் மானம் குறைகிறது. அடுத்த உதவியும் அதே கையிலிருந்து வரவேண்டியிருப்பதால், படத்துக்கு நிற்க மறுக்கும் உரிமை அவருக்குப் பெயரளவிலேயே உண்டு. வறியவர் தம் இல்லாமையைச் சொல்ல நேருமுன் குறிப்பறிந்து கொடுத்தலை, ஈகை அதிகாரத்துக் குறளொன்றின் பொருள்களுள் ஒன்றாகப் பரிமேலழகர் காட்டுகிறார்; இங்கோ அவ்வில்லாமை அவரது வாயால் அன்றி முகத்தால் சொல்லுவிக்கப்படுகிறது.

தொலைவிலிருந்து பணம் அனுப்புவோர் சான்று கேட்பது முறையன்றோ, அறத்தின் பெயரால் மோசடி நிகழ்வதில்லையோ எனின், சான்று கேட்பது முறையே; ஆனால் கணக்கு வேறு, முகம் வேறு. பற்றுச்சீட்டு, கணக்காய்வு செய்யப்பட்ட ஆண்டறிக்கை, வெட்டி முடித்த கிணற்றின் படம் ஆகியவை பொருள் உரிய இடம் சேர்ந்ததைக் காட்டப் போதுமானவை. பெறுபவரின் முகம் அதற்கு மேல் காட்டுவது கொடுத்தவரின் பெருமையை மட்டுமே. அன்றியும், செய்தி ஒருவழியாக மட்டும் செல்லாமல், தமக்கு எது தேவை, எது தேவையில்லை என்று பெறுபவர் அதே தொலைபேசியில் உதவியை வழங்கும் நிறுவனத்துக்குத் தனியாகச் சொல்ல இடமிருந்தால், அவர் படப்பொருளாக இராமல் அவ்வறத்தின் பங்காளராவார்.

அடியவருக்கு உணவளிப்பதை மகேசுர பூசையாகக் கொண்ட சைவ மரபில், உண்பவர் வழிபாட்டுக்குரியவர். வழிபடப்படுபவரிடம் நன்றிக்குச் சான்று கேட்பது பூசையாகாது. ஆதலால் கைத்தொலைபேசிக் கொடை சிவபுண்ணியமாவதும் பசுபுண்ணியமாவதும், கொடையாளர் கேட்பது கணக்கையா முகத்தையா என்பதைப் பொறுத்தே அமைகிறது.