பெயர் மறைத்துப் பேசலாமா?

முகமறியாத ஒருவரோடு சொந்தப் பெயரைச் சொல்லாமல் உரையாடுவது நேர்மையாகுமா? இக்கேள்வி நம் வீடுகளில் இப்பொழுது அடிக்கடி எழுகின்றது. நம் வாலிபர்கள் இணையத்து அரட்டை அறைகளில் புனைபெயரோடு புகுந்து, எழுத்தாலேயே சம்பாஷணை செய்கிறார்கள். "பெயரை மறைப்பவன் எதையும் மறைப்பான்" என்கிறார்கள் பெரியவர்கள். "அங்கே அதுதானே வழக்கம்" என்கிறார்கள் பிள்ளைகள். இரண்டும் பாதி உண்மை. முழு உண்மையைக் காண வேண்டுமாயின், அந்த அறை எத்தகையது என்று முதலில் அறிதல் வேண்டும்.

எழுத்தால் உரையாடும் அறை நேற்று வந்த சரக்கன்று. 1973ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக் கழகத்தில், பிளேட்டோ என்னும் கணினி அமைப்பில் இத்தகைய அறை இருந்தது. 1988 ஆகஸ்டில் பின்லாந்து நாட்டு ஊலு பல்கலைக் கழகத்தில் யார்க்கோ ஓய்க்காரினென் என்பவர் ஐ.ஆர்.சி. என்னும் முறையை அமைத்தார். 1990களின் பிற்பகுதியில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாலிபர் பலர் அதில் புழங்கினர். இன்று கைப்பேசிச் செயலிகள் பல வந்துவிட்ட போதிலும் ஐ.ஆர்.சி. மறைந்துவிடவில்லை. 2021இல் தொடங்கிய லிபெரா சாட் போன்ற வலையமைப்புகளில் மென்பொருள் எழுதுவோர் இன்றும் கூடிப் பேசுகின்றனர்.

உள்ளே நுழைவது கடினமன்று. வலையமைப்பைத் திறந்து, ஒரு புனைபெயரைத் தேர்ந்து, சாய்கோடு போட்டு 'ஜாயின்' என்று ஆங்கில எழுத்தில் தட்டி, # குறியோடு அறையின் பெயரைச் சேர்த்தால் கதவு திறக்கும். ஒரே நேரத்தில் ஒரே வலையமைப்பில் இருவர் ஒரே பெயரை வைத்துக்கொள்ள இயலாது. பல வலையமைப்புகளில் அப்பெயரைக் கடவுச்சொல்லோடு பதிந்துகொள்ளவும் வழியுண்டு. புதிதாய்ப் போகிறவர் ஸலாமோ வணக்கமோ சொல்லி, அறையின் விதிகளைப் படித்து, பிறர் பேசுவதைச் சற்றுக் கேட்டபின் வாய் திறப்பதே மரியாதை. அது ஒரு சபைக்குள் போவது போன்றதே.

நிற்க. புனைபெயர் பொய்யா என்பதைப் பார்ப்போம். பொய் என்பது யாது? கேட்பவர் நம்பி நடக்கும் ஒரு விஷயத்தில் அவரை ஏமாற்றுவது. அரட்டை அறையில் இருப்பது புனைபெயர் என்று அங்குள்ள அனைவரும் அறிவர். எவரும் ஏமாறாத இடத்தில் பொய் இல்லை. கடைவீதியில் நம் பெயர்ப்பலகையைப் பார்த்து வருகிற வாடிக்கையாளருக்கு முதலாளியின் பெயர் தெரியாமல் இருக்கலாம். ஆயினும் அந்தப் பலகைக்கு நாளடைவில் ஒரு நாணயம் உண்டாகிறது. அதுபோலவே, நன்றாய்ப் பேசிப் பழகியவரின் புனைபெயருக்கும் அந்த அறையில் ஒரு நாணயம் சேர்கிறது. ஆகவே பெயரை மறைத்தல் வேறு; ஆளை மோசம் செய்தல் வேறு.

இங்கே ஒரு தடை எழும். "சொல்லாமல் விடுவதும் சில வேளைகளில் மோசடிதானே?" என்று கேட்கலாம். ஆம். சரக்கின் கொள்முதல் விலையை நாம் வாடிக்கையாளரிடம் சொல்வதில்லை, அதில் குற்றமில்லை. ஆனால் அரிசியில் பூச்சி விழுந்திருப்பதை அறிந்தும் வாய் மூடியிருந்தால் அது குற்றம். வேற்றுமை எங்கே இருக்கிறது? நம் மௌனத்தால் மற்றவருக்குத் தீங்கு வருமா என்பதில் இருக்கிறது. நம் தெரு எது, வருமானம் எவ்வளவு என்று சொல்லாதிருப்பது தற்காப்பு. பிள்ளைகள் பேசும் அறையில் நாற்பது வயதுக்காரர் தம் வயதை மறைத்து உட்கார்ந்திருப்பது வஞ்சகம். 2003இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் ஐரோப்பாவிலும் ஆசியாவின் பல நாடுகளிலும் தன் அரட்டை அறைகளை மூடியபோது, குழந்தைகளின் பாதுகாப்பையும் ஒரு காரணமாகச் சொன்னது. மறைப்பின் தீங்கு கற்பனையன்று.

அப்படியானால் அந்தப் பக்கமே போகாதிருப்பது உத்தமம் அல்லவா? நாம் அவ்வாறு கருதவில்லை. திக்கிப் பேசுகிறவர், கூச்சமுள்ளவர், நோயால் வீட்டை விட்டு வெளிவர இயலாதவர், ஊரை விட்டுத் தனியே உழைக்கிறவர் ஆகியோரின் சொல்லுக்கு வெளியுலகில் காது கொடுப்பவர் சிலரே. அங்கோ நிறம், உடை, பதவி எதுவும் தெரிவதில்லை, சொல்லே ஆளாகிறது. எந்தத் திரை வஞ்சகனை ஒளிக்கிறதோ, அதே திரைதான் எளியவனுக்கு வாய் கொடுக்கிறது. திரையைக் கிழிப்பதால் எளியவன் ஊமையாவான். வஞ்சகன் வேறு திரை தேடுவான்.

"எழுதியது ஓடி மறைந்துவிடும்" என்று எண்ணிக் கண்டபடி ஏசுகிறவர்களும் உண்டு. அவ்வெண்ணம் தவறு. அறையில் உள்ள எவரும் உரையாடலைத் தம் கணினியில் சேமித்து வைக்கலாம். 1991 ஆகஸ்டில் சோவியத் நாட்டில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியின் போது ஐ.ஆர்.சி.யில் எழுதப்பட்ட வரிகளை இன்றும் படிக்க முடிகிறது. ஏடு மறைந்தாலும், புண்பட்ட மனம் மறப்பதில்லை.

அறையை நடத்துவோருக்கும் ஒரு சொல். பெயருக்கு முன் @ குறி உடையவர் பிறரை வெளியேற்றவும் தடுக்கவும் அதிகாரமுள்ளவர். அது அவரிடம் கொடுத்த அமானிதம். மாற்று அபிப்பிராயம் சொன்னவரைத் தள்ளிவிட்டு, தம்மைப் புகழ்கிறவரை வைத்துக்கொள்வது தராசுத் தட்டில் விரல் வைப்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே பெற்றோர் செய்யத் தக்கது, கதவைப் பூட்டுவதைக் காட்டிலும் பிள்ளைகளுக்கு வழி சொல்லிக் கொடுப்பதாகும். முகவரி, படம், வங்கி விவரம் எதையும் அந்நியரிடம் கொடாதே. தனியே அழைத்து இரகசியம் பேசுகிறவரை நம்பாதே. அச்சம் தோன்றினால் எங்களிடம் வந்து சொல், நாங்கள் கோபிக்கமாட்டோம் என்று சொல்லி வைக்க வேண்டும். கடைசி வாக்கைக் காப்பாற்றுவதே பெற்றோருக்குக் கடினம், அதுவே முக்கியம்.

கடைவீதியில் நாம் நேர்மையாக இருப்பதற்கு அண்டை அயலாரின் கண்களும் ஒரு காரணம். யாரும் காணாத அறையில் அந்தக் காவல் இல்லை. அங்கும் நிறுவை குறையாமல் பேசுகிறவரே, தம் நேர்மை தம்முடையதுதான் என்று சொல்லத் தகுந்தவர்.