காத்திருத்தல் என்னும் தவம்

மேலைத் திருச்சபையின் வழிபாட்டு ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காம் ஞாயிற்றுக்கிழமை அதன் முதல் நாள். நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும் அந்நாள் முதல் கிறிஸ்துமஸ் வரையுள்ள நாட்களைத் திருவருகைக் காலம் என்பர். ஆலயங்களில் குருமார் ஊதா நிற அங்கி அணிவர். வாரம் ஒன்றாக நான்கு மெழுகுவர்த்திகள் ஏற்றப்படும். கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்கள் அக்காலத்தில் இருபத்தைந்து நாள் நோன்பு நோற்கின்றனர். ஆண்டின் தொடக்கத்தில் கொண்டாட்டத்தை வைக்காமல் காத்திருத்தலை வைத்திருப்பது ஆழ்ந்து சிந்திக்கத் தக்கது.

ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஏசுநாதர் வந்துவிட்டார் என்பதே கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. வந்துவிட்டவருக்காக ஏன் காத்திருக்க வேண்டும்?

மூன்று வருகைகள்

பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் வாழ்ந்த துறவி புனித பெர்னார்ட் இதற்கு விடை தந்தார். இறைவனின் வருகை மூன்று என்றார் அவர். முதல் வருகை, பெத்லகேமில் மானிட உடல் தாங்கி வந்தது. இறுதி வருகை, காலத்தின் முடிவில் மகிமையோடு நிகழவிருப்பது. இவ்விரண்டுக்கும் நடுவில் பிறர் கண்ணுக்குத் தெரியாத ஒரு வருகை உண்டு. அது பக்தனின் உள்ளத்தில் நிகழ்வது. முதல் வருகை வரலாறு. இறுதி வருகை நம்பிக்கை. நடு வருகையோ இன்றைய அனுபவம். திருவருகைக் காலத்தின் தவம் முக்கியமாக இந்த நடு வருகைக்கானது.

அந்த வருகைக்குத் தடையாக இருப்பது எது? பெத்லகேமில் சத்திரத்தில் இடம் கிடைக்காததால், பிறந்த குழந்தையை அன்னை மரியாள் தீவனத் தொட்டியில் கிடத்தியதாக லூக்கா நற்செய்தி கூறுகிறது. சத்திரத்தில் இருந்தவர்களைக் கொடியவர்கள் என்று லூக்கா சொல்லவில்லை. அங்கே இடமில்லை, அவ்வளவே. நம் உள்ளத்தின் நிலையும் பெரும்பாலும் இதுதான். நாம் இறைவனை வெறுப்பதில்லை. வேறு பலவற்றால் உள்ளம் நிரம்பிக் கிடக்கிறது. ஊதா நிறமும் நோன்பும் உணர்த்துவது இதையே: வருபவருக்கு முதலில் இடம் ஒழித்துத் தர வேண்டும்.

அதை எப்படிச் செய்வது? இக்காலத்தில் ஆலயங்களில் யோவான் ஸ்நானகரின் போதனை வாசிக்கப்படுகிறது. வரவிருப்பவருக்கு வழியைச் செம்மைப்படுத்துங்கள் என்று யோர்தான் நதிக்கரையில் அவர் முழங்கியபோது, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று மக்கள் கேட்டனர். அவர் காட்சிகளைப் பற்றியோ அற்புதங்களைப் பற்றியோ பேசவில்லை. இரண்டு அங்கி உள்ளவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்றார். விதித்ததற்கு மேல் வசூலிக்காதீர்கள் என்று வரி வசூலிப்போருக்கும், யாரையும் மிரட்டிப் பறிக்காதீர்கள் என்று போர்வீரருக்கும் கூறினார். அவரவர் தொழிலிலேயே அவரவர் செப்பனிட வேண்டிய பாதை இருக்கிறது.

வெளியிலிருந்து திறக்கும் கதவு

இங்கே மற்றொரு கேள்வி. நம் முயற்சியால்தான் இறைவன் வருகிறான் என்றால் அருள் எதற்கு? அருளால்தான் வருகிறான் என்றால் நம் முயற்சி எதற்கு?

ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்த ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹாஃபர் 1943 ஏப்ரலில் கைதானார். அந்த நவம்பரில் பெர்லின் நகரின் டேகல் சிறையிலிருந்து நண்பருக்கு எழுதிய கடிதத்தில், சிறை அறையைத் திருவருகைக் காலத்தோடு ஒப்பிட்டார். கைதி நம்பிக்கையோடு காத்திருக்கிறான், ஏதேதோ செய்கிறான், ஆனால் கதவு வெளியிலிருந்து மட்டுமே திறக்கும் என்பது அவர் கருத்து. அதற்காக அவர் சோர்ந்து கிடக்கவில்லை. அவ்வாண்டு கிறிஸ்துமஸுக்காக உடனிருந்த கைதிகளுக்குப் பிரார்த்தனைகளை எழுதித் தந்தார். 1945 ஏப்ரல் 9 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். சிறைக் கதவு அவருக்கு விடுதலையாகத் திறக்கவே இல்லை. ஆயினும் அவரது காத்திருத்தல் வீணாயிற்று என்று யார் சொல்வார்கள்?

கதவைத் திறப்பது அருளின் செயல். திறக்கும் வரை விழிப்போடும் அன்போடும் இருப்பது சாதகனின் செயல். சபரி ஸ்ரீராமனை அழைத்து வரவில்லை. அவன் வந்தபோது உபசரிக்க ஆயத்தமாக இருந்தாள்.

நம் மரபுக்கும் இந்தக் காலத்தோடு ஓர் உறவு உண்டு. ஸ்ரீராமகிருஷ்ணர் 1886 ஆகஸ்டில் மகாசமாதி அடைந்தபின், அவருடைய இளம் சீடர்கள் அவ்வாண்டு டிசம்பர் 24 இரவு ஆன்ட்பூர் கிராமத்தில் துனி நெருப்பைச் சுற்றி அமர்ந்தனர். நரேந்திரர் ஏசுநாதரின் தியாக வாழ்வை எடுத்துரைக்க, அனைவரும் துறவு வாழ்வை ஏற்க உறுதி பூண்டனர். அது கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு என்பதைப் பின்னரே அவர்கள் உணர்ந்தனர்.

பசித்தவனுக்குச் செய்தது எனக்கே செய்தது என்பது ஏசுநாதரின் உபதேசம். ஆகவே நாம் காத்திருக்கும் இறைவன் எந்த உருவில் நம் வாசலுக்கு வருவான் என்பதை நாம் முடிவு செய்ய இயலாது. அவன் வரும் வேளையில் இங்கே இடமில்லை என்று சொல்லாதிருக்க இன்றே நம் உள்ளத்தை ஒழித்து வைப்போம்.